பனி பீரியட்

மதுரையில் நடந்த நிர்வாகப் பயிற்சி முகாமிலிருந்து எங்கள் கல்லூரி முதல்வர் சூசைமாணிக்கம் கழுத்தில் ஓர் அடையாள அட்டையோடும் கையில் புதிய பணி ஒப்பந்தத்தோடும் கொடைக்கானல் மலையேறி வந்தார். அட்டையை ஒரு வாரத்தில் கழற்றிவிட்டார். ஒப்பந்தத்தைத்தான் அவரிடமிருந்து யாராலும் கழற்ற முடியவில்லை.

ஆசிரியர்களின் பணிச்சுமையை எதை வைத்துப் பங்கிடுவது என்று அதில் பிரிவு பிரிவாக எழுதியிருந்தார்: மாணவர் எண்ணிக்கை, ஆய்வு, நிர்வாகப் பொறுப்பு, இன்னும் என்னென்னவோ. 'கால அட்டவணையில் ஒருவரது பெயரில் உள்ள வகுப்பே அவரது பணியாகக் கருதப்படும்' என்பது நான்காம் பிரிவு. அதை வாசிக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிக்கொள்வார். மனப்பாடம்.

அந்தப் பிரிவில் அடிபட்டவர் தமிழ்த்துறை ஆக்ஸிலியா. அட்டவணையில் அவர் பெயரில் இருந்த வகுப்புகள் முழுநேரத்துக்குப் போதவில்லை. பகுதிநேரம் என்று ஆகிவிட்டால் கல்லூரி வளாகத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா கித்தேரியம்மாளோடு அவர் அங்கேதான் இருக்கிறார்.

உண்மையில் எங்கள் கல்லூரியில் அதிகம் பாடம் எடுப்பவர் அவர்தான். மலையில் பனி இறங்கினாலும், சீசன் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டாலும் வில்பட்டிப் பக்கமிருந்து வரும் ஆசிரியர்கள் வழியில் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் போய் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது வழக்கம். அதற்குப் பனி பீரியட் என்று பெயர். வெயில் அடித்தாலும் அதே பெயர்தான். எல்லோரையும்விடப் பக்கத்தில் இருந்தவர் ஆக்ஸிலியா. அதனால் எங்கள் தாவரவியல் மாணவர்களுக்கு இலையைவிட வெண்பா நன்றாகத் தெரியும்.

ஒப்பந்தக் கூட்டத்தில் தாவரவியல் ஜெயமுருகன் எழுந்தார். வில்பட்டிக்காரர்.

"சார், பனி பீரியடையும் சேத்துக்கிட்டா மேடத்துக்கு எங்க எல்லாரையும் விடச் சாஸ்தியா வருமுங்க."

"பனி ஒரு கல்விச் செயல்பாடு இல்ல, ஜெயமுருகன்."

"பனிக்குக் கேக்கல சார். பனியில வந்து நிக்கிறவுங்களுக்குக் கேக்குறேன்."

"பேரு எங்க இருக்கோ ஆளும் அங்க இருக்கணும். இத்தன சோலிக்கு நடுவுல நான் ஒரு கிளாஸ் எடுக்கலயா? திங்கக்கெழம மொத பீரியட், விழுமியக் கல்வி. டைம்டேபிளப் பாத்துக்கங்க."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் டீயை உறிஞ்சினோம். ஜெயமுருகன் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். மேசைக்கடியில் ஆக்ஸிலியா அவர் காலை மிதித்திருந்தார்.

"ஏன் மேடம் மிதிச்சீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டார் ஜெயமுருகன். "அந்தக் கிளாஸ வருஷம் பூரா நீங்கதான் எடுக்குறீங்கன்னு சொல்லிருந்தா வீடு தப்பிச்சிருக்கும்ல?"

"அத்தன பேரு முன்னாடி அவரு மொகம் என்னத்துக்கு ஆகுறது? அம்மாவுக்கு மூச்சு முட்டுனப்ப அவருதான காரை எடுத்துட்டு ஓடியாந்தாரு."

"அதுக்காக வீட்டக் குடுத்துருவீங்களா?"

"உங்க பக்கத்துலயே ஒரு வீடு பாருங்க. ரெண்டு பேரும் சேந்து டிராபிக்ல நிப்போம்."

அடுத்த திங்கட்கிழமை முதல்வர் முன்மாதிரியாக விளங்க முடிவு செய்தார். அட்டுவம்பட்டியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வெள்ளனே கிளம்பியும் வண்டிகள் நகரவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு, டையோடு மேட்டில் நடந்து, மூச்சிரைக்க வகுப்பில் நுழைந்தார்.

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசை ஹாஃபிஸா பணிவாக எழுந்தாள்.

"சார், ஆக்ஸிலியா மேடத்துக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஏன்மா?"

"இல்ல சார், பனி பீரியடுக்கு நீங்க வந்துருக்கீங்களேன்னு."

"இது யாரு கிளாஸ்?"

"மேடம் கிளாஸ் சார்," என்றது வகுப்பு மொத்தமும்.

அப்போதுதான் ஆக்ஸிலியா வாசலில் வந்து நின்றார். "மன்னிச்சுக்கங்க சார். கால் பழக்கத்துல வந்துருச்சு."

"நீங்க போங்க சார், மேடம் வந்துட்டாங்க," என்றாள் ஹாஃபிஸா ஆதரவாக.

முதல்வர் போகவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மணி அடித்தபோது அவரும் மற்றவர்களோடு எழுந்து "தேங்க் யூ மேடம்" என்றதாகச் சொல்கிறார்கள்.

அன்று மாலையே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு கூடியது: வராதவருக்காக எடுக்கும் வகுப்பு, எடுத்தவரின் பணியாகவே கணக்கிடப்படும். ஆக்ஸிலியா முழுநேர ஆசிரியராகவே நீடித்தார்; வீடும் தப்பியது. திங்கட்கிழமை வகுப்பும் அவர் பெயருக்கே போனது. ஆனால் முதல்வரும் ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவில் அவரே எழுதியிருந்தார்.

"எனக்கு எங்கயாச்சும் ஒரு பீரியட் பாத்துக் குடுங்க மேடம்," என்றார், குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி.

"வியாழக்கெழம ஜெயமுருகன் சார் கிளாஸ் இருக்கு சார். எப்படியும் அவரால வந்து சேர முடியாது. நீங்க வெரசா வந்துருங்க."

"நானும் மாட்டிக்கிட்டா?"

"நான் இங்கனதான சார் இருக்கேன்," என்றார் ஆக்ஸிலியா.