கொடிகளை அகற்ற வேண்டாம்

என் மனைவி வினோதாவுக்குப் பூ வாங்கிக் கொடுத்தால், அது எந்தத் தாவரக் குடும்பம் என்று சொல்லிவிட்டுத்தான் தலையில் வைப்பாள். கடற்கரைச் செடிகளை ஆராய்வது அவள் வேலை. நான் உப்பளம் கடைத்தெருவில் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறேன். அவள் படிப்புக்கும் என் பெயிண்டுக்கும் எப்படிப் பொருந்தியது என்று சொந்தக்காரர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வருடமாக வைத்திக்குப்பம் கரையில் ஒரு துண்டு மணலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடல் தின்றுவிட்டுப் போன இடத்தில் மணல் திரும்பச் சேர்ந்து, அதில் அடப்பங்கொடி படர ஆரம்பித்திருந்தது. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. கரையை அதன் போக்கில் விட்டால் அது தன்னைத் தானே மூடிக்கொள்ளும் என்பதுதான் அவள் நிரூபிக்க நினைத்தது. யாராவது ஒரு தண்டை நட்டுவிட்டால்கூட ஆராய்ச்சி அவ்வளவுதான். அளக்கிற கட்டங்களின் மூலைகளில் சின்னச் சின்னச் சிவப்புக் கொடிகளைக் குத்தி வைத்திருந்தாள். மாசி கழிந்து கடைசியாக ஓர் அளவு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் மாசி மகத்துக்கு ஊரே அங்கேதான் கூடும். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கரை அது. அதற்கு முன்னால் குப்பத்துப் பெண்கள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். வினோதா பயந்துபோய் என்னிடம் ஒரு போர்டு கேட்டாள்.

“தாவரம் கீவரம்னு எழுதிடாதீங்க. எல்லாருக்கும் புரியணும்,” என்று அவளே வாசகமும் சொன்னாள். ‘ஆராய்ச்சி நடைபெறுகிறது. இங்குள்ள கொடிகளை அகற்ற வேண்டாம்.’ நீலத்தில் வெள்ளை எழுத்து. ஒற்றுப்பிழை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

மகம் முடிந்த மறுநாள் காலையில் இருவரும் போனோம். கொடிகள் நின்றன. ஒரு துணிகூடக் கிழியாமல், அத்தனையும் காற்றில் படபடத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே பச்சையாக ஓர் இலை இல்லை. பெருக்கிய வாசல் மாதிரி மணல் சுத்தமாகக் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி, அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. வினோதா பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையோடு நின்றது. அவள் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மணலை விரலால் கிளறினாள். “அடியில கொஞ்சம் வேர் இருக்குங்க. யாரும் கை வைக்காம விட்டா மறுபடி தானா துளிர்க்கும். ஒரு வருஷம் கூட இழுக்கும், ஆனா ஆராய்ச்சியக் காப்பாத்திடலாம்.”

அப்போதுதான் பாக்யலட்சுமி வந்தார். மீன் விற்பவர், சுத்தம் செய்த பெண்களை வேலை வாங்கியவரும் அவர்தான். முகமெல்லாம் பெருமை.

“பாத்தீங்களா மேடம்? ஒரு கொடி சாயல. இன்னா கூட்டம் தெரியுமா? சாமி தூக்கினு வந்தவங்களையே ஒவ்வொரு கொடியயும் சுத்திப் போங்கன்னுட்டேன். ஒரே சண்டை.”

“அக்கா,” என்றாள் வினோதா. “நான் சொன்ன கொடி இது இல்லக்கா. இங்க படர்ந்து கெடந்துச்சே, அது.”

பாக்யலட்சுமி சிவப்புத் துணியைப் பார்த்தார், வெறும் மணலைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“அய்யய்யோ, அடப்பங்கொடியா? சாமி தூக்குறவங்களுக்குக் கால் தடுக்கும்னு நாங்கதான மேடம் கை வலிக்க வலிக்கப் புடுங்கினோம்!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இருங்க, தோ வந்துட்டேன்,” என்று வேகமாகத் திரும்பி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் குப்பைமேட்டிலிருந்து பெண்கள் கொடிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி வாடியும் பாதி வாடாமலும் கட்டுக்கட்டாக வந்தன. மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். பாக்யலட்சுமி கட்டத்துக்குள் மண்டிபோட்டு ஒரு தண்டை எடுத்தார்.

“தப்பு எங்களுது. நாங்களே நட்டுக் குடுத்துடறோம். எவ்ளோ ஆழம் மேடம்?”

வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். மூன்று வருட உழைப்பும் அந்த வெறும் மணலுக்குள்தான் இன்னும் உயிரோடு இருந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. அத்தனை பெண்களும் மீன் ஈரம் காயாத கைகளில் கொடியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்கள்.

வினோதா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாக்யலட்சுமி பக்கத்தில் போய் மண்டிபோட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“ஒரு சாண்க்கா,” என்றாள். “கணு மண்ணுக்குள்ள போவணும்.”