ஸ்காட்லாந்துக் கவிஞருக்கு ஒரு கல்வெட்டு

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து பிறந்தது. வெட்கம் என்னுடையது. கதையில் வரும் பெருமை முழுக்கப் பேரின்பநாதனுடையது. (அதில் கொஞ்சம் எனக்கும் கொடுத்தார். பெரிய மனசு.)

முதல் தொடக்கம்: "1996 ஜனவரியில் மொன்ட்ரியாலில் கடுங்குளிர்." வேண்டாம். மொன்ட்ரியாலில் ஜனவரியில் வேறென்ன இருக்கும்?

இரண்டாவது தொடக்கம்: "இருநூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஒரு கவிஞருக்கும், புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்தாருக்கும்..." இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

கவிஞரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஸ்காட்லாந்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். உழவர் வீட்டுப் பிள்ளை, ஊர்ப் பேச்சிலேயே பாட்டெழுதியவர், முப்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தவர். ஒவ்வொரு ஜனவரியும் அவர் பிறந்தநாளுக்கு அவருடைய ஆட்கள் உலகமெங்கும் கூடி விருந்து வைக்கிறார்கள். நாம் எந்தக் கவிஞருக்காவது இப்படி இலை போட்டு... சரி, இது கட்டுரை இல்லை. அவருக்குப் புகழ் போதும். இந்தக் கதையில் வேறு சிலரின் பெயர்கள்தான் முக்கியம்.

2

பேரின்பநாதனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நான் ஏற்றுமதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்த கம்பெனியின் கிடங்கில் பெட்டி அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில், மொன்ட்ரியால்-நோரில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து கல்வெட்டு எழுதினார்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: கல்வெட்டு என்றால் என்னைப் போன்ற சென்னைக்காரர்களுக்குக் கோயில் சுவர்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில் அது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு, கடைசியில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். பாட்டை எத்தனை பேர் வாசிப்பார்களோ தெரியாது. பெயர்களை எல்லோரும் வாசிப்பார்கள். ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.)

பேரின்பநாதனின் தகப்பனார் அரியரத்தினத்துக்கு அடித்த கல்வெட்டில் பேரின்பநாதனின் பெயர் இல்லை. அவருடைய அம்மாவை அரியரத்தினம் கலியாணம் செய்யவில்லை. அவ்வளவுதான் காரணம். ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார்.

"நானும் பந்தியிலை இருந்தனான், தங்கச்சி. புத்தகத்தை விரிச்சுப் பாத்தன். பிள்ளையள் எண்டு அருளம்பலம், நல்லம்மா, பேந்து மருமக்கள். என்ரை பேரைக் காணேல்லை. அரைவாசிச் சாப்பாட்டிலை எழும்பி வந்திட்டன்."

"கோபம் வரலையா சார்?"

"வந்தது. அண்டைக்குத்தான் கல்வெட்டு எழுதோணும் எண்ட எண்ணமும் வந்தது. நான் எழுதினா ஒருத்தரும் விடுபடக் கூடாது."

3

கிடங்கு மேற்பார்வையாளர் கிறகரியின் பாட்டனார் கிளாஸ்கோவிலிருந்து வந்தவர். அவர்தான் பேரின்பநாதனை விருந்துக்கு அழைத்தார். "வருகிற வருடத்தோடு எங்கள் கவிஞர் இறந்து இருநூறு வருடம். நீயும் கவிஞன். அவரைப் பற்றி உன் மொழியில் ஏதாவது சொல்" என்றார். தடிமனான ஒரு வாழ்க்கை வரலாற்றையும் கொடுத்தார். விருந்து பிறந்தநாளுக்கு என்று சொல்லவில்லை. அது ஊருலகத்துக்கே தெரியும் என்று அவருக்கு நினைப்பு.

இறந்துபோனவர், இருநூறு வருடம், பாட்டு, சாப்பாடு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் வேறென்ன விளங்கும்? இரண்டு மாதம் அகராதியும் கையுமாக இருந்து, கவிஞருக்குப் பேரின்பநாதன் ஒரு கல்வெட்டு எழுதிவிட்டார். கறுப்புக் கரை போட்ட அட்டை. நடுவில் கவிஞர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம் 1759, மறைவு 1796. நூறு பிரதி.

ஆங்கிலத்தில் வாசிக்க என்னைப் பிடித்தார். பிறந்தநாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"சார், எலிசபெத்னு மூணு தடவை வந்திருக்கு. அச்சுப்பிழையா?"

"இல்லை. மூண்டு எலிசபெத். தாய்மார் வேறை. மூத்தவள் வீட்டிலை வேலைக்கு நிண்ட பெட்டைக்குப் பிறந்தவள். இந்தாள் ஒளிக்கேல்லை, தங்கச்சி. அவளை வரவேற்றுப் பாட்டெழுதினவர். இந்தாளின்ரை தாய்தான் அவளை வளத்தவ." புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "இந்தப் பேருகளை நீங்களே வாசியுங்கோ. உங்கடை வாயிலைதான் வடிவா வரும்" என்றார்.

மனைவி பெற்றது ஒன்பது. மற்ற மூன்று பிள்ளைகளுக்கு மூன்று தாய்மார். பேரின்பநாதன் கோடு போட்டுப் பிரிக்காமல் பன்னிரண்டு பேரையும் வயது வரிசையில் எழுதியிருந்தார். முதல் பெயர் மூத்த எலிசபெத்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் "ஒன்பது பிள்ளைகளின் அன்புத் தந்தை" என்று ஒரே வரியாக்கினேன். அடுத்தவர் விருந்தில் போய் இதையெல்லாமா எண்ணுவது என்று நினைத்தேன். அரியரத்தினத்தின் கல்வெட்டை அச்சுக்குக் கொடுத்தவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

4

தேவாலயத்தின் கீழ்மண்டபம். பாவாடை கட்டிய ஒருவர் பேக்பைப் ஊதிக்கொண்டு முன்னே நடக்க, ஆட்டு வயிற்றுப்பையில் ஈரலும் ஓட்ஸும் அடைத்து அவித்ததைத் தட்டில் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். ஒரே சிரிப்பு, விஸ்கி. பேரின்பநாதன் நெற்றி நிறையத் திருநீறோடு, காலையிலிருந்து விரதம்.

"தங்கச்சி, இது திவசம் இல்லையோ?"

"பிறந்தநாள், சார்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

நான் தட்டைப் பார்த்தேன். அவர் கல்வெட்டைப் பார்த்தார்.

(இங்கே அவர் எழுந்து வெளியே போவதாக ஒரு வரைவு வைத்திருந்தேன். ஒரு பந்தியில் எழுந்தவர் இன்னொரு பந்தியிலும் எழுகிறார். கதைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போகவில்லை.)

"சரி, பரவாயில்லை. பிறந்தநாளெண்டாலும் பிள்ளையள் பிள்ளையள்தானே" என்றார்.

பேர் சொல்லி அழைத்தார்கள். போனோம். அவர் பாட்டை ராகமிட்டுப் படித்தார். அடே, என்ன குரல். பொருள் தெரியாமலே மண்டபம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான் ஆங்கிலம் சொன்னேன். கடைசியில் "ஒன்பது பிள்ளைகளின் அன்புத் தந்தை" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

பேரின்பநாதன் நகரவில்லை. ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டாலும், பெயர் ஒன்றும் காதில் விழவில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

"பேருகளை விட்டிட்டியள், தங்கச்சி."

கோபமே இல்லாமல் சொன்னார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "எலிசபெத்" என்று சொல்லி ஒரு விரலை உயர்த்தினார். அடுத்த பெயர், அடுத்த விரல். தடக்கித் தடக்கி, ஒருவரையும் விடாமல். பத்து விரலும் முடிந்ததும் மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது எலிசபெத் வந்தபோது முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் நிறுத்தவில்லை.

முதலில் எழுந்தவர் கிறகரி. "பன்னிரண்டு. சரியாகச் சொன்னான்" என்றார். பிறகு கிளாஸைத் தூக்கி, "மூத்த எலிசபெத்துக்கு" என்றார். மண்டபம் மொத்தமும் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னது. எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதரோடு ஒரே மேடையில் நிற்கிறேன் என்று அப்படி ஒரு பெருமை.

5

முடிவுகள் சில இருக்கின்றன. கிறகரி கல்வெட்டைச் சட்டம் போட்டு மாட்டினார் (நடக்கவில்லை). ஊரிலிருந்து அருளம்பலம் கடிதம் போட்டார் (நடந்தால் நன்றாயிருக்கும்). இரண்டும் வேண்டாம்.

இதை எழுதலாமா என்று பேரின்பநாதனைக் கேட்டேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"மாத்தாதையுங்கோ. அப்பற்ரை பேரையும் போடுங்கோ. அவற்ரை மூத்த பிள்ளை நான்."

மூத்தவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதனால் அரியரத்தினத்தின் கல்வெட்டில் கடைசிப் பக்கத்தை இங்கே திருத்தி எழுதுகிறேன். ஆனால் நான் ஒருமுறை பெயர்களை வெட்டியவள். இந்த ஒரு பெயரை என் கையால் எழுதுவதைவிட, அவரை ஒருபோதும் பார்த்திராத நீங்கள் சொல்வதுதான் அவருக்கு மரியாதை. உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு.

அமரர் அரியரத்தினத்தின் பிள்ளைகள், வயது வரிசையில்:

(                    ), அருளம்பலம், நல்லம்மா.