நாற்பத்தொரு டிகிரி

பேனா படி ஏறியபோது ஜெபகனி இன்னும் நச்சைச் சேர்க்கவே இல்லை. குப்பி ஐஸ் பெட்டிக்குள் மூடியபடி இருந்தது. ஆனாலும் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரையும் ரெக்கார்டரின் பேனா சட்டென்று ஒரு படி ஏறி, சற்று நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது. 

நான்கு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஒரு சின்னப் பாத்திரத்தில் இரண்டு பக்கமும் உப்புநீர், நடுத்தடுப்பில் ஊசிக்கண் அளவு துளை, அந்தத் துளையில் தூரிகையால் தடவிய கொழுப்புப் படலம். படலம் மின்சாரத்தை விடாது. பேனா நேர்கோடு போடும். ஆம்பூர் மண்டிகளில் பச்சைத்தோலை அழுகவைக்கும் ஒரு கிருமியின் நச்சைச் சேர்த்தால், படலத்தில் வாசல் திறக்கும், மூடும். பேனா படி படியாக ஏறி இறங்கும். வாசலைத் திறப்பது நச்சுதான் என்பது அவளுடைய ஆய்வேடு. பைண்டிங் பசையின் வாசனை போகாமல் மேஜைமேல் கிடந்தது. அவளுடைய வழிகாட்டி தேவானந்தம் சார் அதை எடுத்துக்கொண்டு நாலு மணி வண்டிக்குக் காட்பாடி போகிறார். நாளை மெட்ராஸில் ஒப்படைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் காட்ட அழகாக ஒரு படம் எடுப்போமே என்று இன்று உட்கார்ந்தது அவளுடைய போதாத காலம்.

தூரிகையை மாற்றினாள். புது உப்புநீர் ஊற்றினாள். மூன்று முறை புதுப் படலம் போட்டாள், மூன்று முறையும் படி வந்தது. மின்விசிறி ஓடினால் பேனா நடுங்கும் என்று அதை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திய அறை. மே மாதத்து வேலூரில் அப்படி ஒரு அறைக்குள் உட்கார ஆராய்ச்சி வெறி வேண்டும், இல்லையென்றால் புத்தி கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும். உப்புநீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று. இந்தக் கொழுப்பு இறுக்கம் விட்டு இளகுவதும் நாற்பத்தொன்றில்தான். முதல் அத்தியாயத்தில் அவளே எழுதியது.

தோல் அழுகுவது கோடையில். அதனால் நச்சுச் சோதனை எல்லாம் கோடையில் நடந்தது. வெறும் படலத்துக்கு என்ன அவசரம் என்று அதை ஜனவரிக்குத் தள்ளி, சால்வை போர்த்திக்கொண்டு செய்தாள். நேர்கோடு வந்தது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

ஜூனில் சேர வேண்டிய விரிவுரையாளர் வேலை இந்த ஏட்டை நம்பித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

தேவானந்தம் பையோடு உள்ளே வந்தார். "இன்னாம்மா, முகம் வெளுத்துப்போய் இருக்கு?"

"இத கொஞ்சம் பாருங்க சார்."

குனிந்து பார்த்தார். "நல்லா வருதே. டாக்ஸின் எவ்ளோ போட்ட?"

"போடல சார்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் பையைக் கீழே வைத்தார். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைக்கச் சொன்னார். சூடு இறங்க இறங்கப் படிகள் குறைந்து, முப்பதில் நேர்கோடானது. வெந்நீர் ஊற்றச் சொன்னார். நாற்பத்தொன்றை நெருங்கியதும் படிகள் திரும்பி வந்தன. வாசலைத் திறந்தது நச்சு இல்லை, சூடு.

"வேற யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல சார்."

"டாக்ஸின் பத்தின நம்ம பேப்பரு அச்சுக்குப் போயிடுச்சும்மா." கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. "வண்டிக்கு நேரமாவுது. நீ ரூமுக்குப் போய் ரெஸ்ட் எடு."

ஆய்வேட்டைப் பைக்குள் வைத்தார். கை நீட்டி, ரெக்கார்டரில் காகிதம் ஓடுவதை மட்டும் நிறுத்தினார். பேனா நிற்கவில்லை. ஒரே இடத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காகிதத்தில் மை ஊறியது.

 இந்த மனிதரை எதிர்த்து ஜெபகனி ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் வரவில்லை.  கை நீட்டி, அவர் நிறுத்திய சுவிட்சைத் திரும்பப் போட்டாள்.

காகிதம் நகர்ந்தது. படி படியாய் மேஜை விளிம்பைத் தாண்டி இறங்கி, அவருடைய செருப்பின் மேல் மடிந்து மடிந்து விழுந்தது. பையின் பிடியைப் பற்றியபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலை நகர்த்தவில்லை.