எல்லோருக்கும் விளங்கிய சொல்

துப்பாக்கி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற சொல். கல்முனைப் பக்கத்தில் நாங்கள் துவக்கு என்போம். அது துருக்கிக்காரனின் சொல் என்று மௌலவி ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் சொன்னார். பீடி சுற்ற வந்து ஊரோடு தங்கிவிட்ட மலையாளி, தங்கள் நாட்டில் அதைத் தோக்கு என்பார்கள் என்றார். சிங்களவனுக்கு அது துவக்குவ. இத்தனை சாதிசனமும் சேர்ந்து ஒத்துக்கொள்ள வேறு நல்ல சொல் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நான் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் கூட. பயம் அதைவிடக் கூட.

எண்பத்தாறாம் ஆண்டு அந்தச் சொல்லையே எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஓர் இரும்புக் குழாய், ஒரு மரப்பிடி, வயல் வரம்புக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆமிக்காரன் கண்டால், பன்றிக்கா மனிசனுக்கா என்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டான். என் மனைவி ஸைனம்பு அதை "அந்தச் சாமான்" என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

கட்டுத்துவக்குக்கு ஒரு முறை உண்டு. பொழுதுபடக் கட்டி, விடிய முன் அவிழ்த்துவிட வேண்டும். கம்பிக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, ஒரு கொத்து இலைக்குழையைத் தொங்கவிட வேண்டும். குழையைக் கண்டால் வயல் வட்டைக்குள் வருகிற எவனும் அந்த வரம்பில் கால் வைக்கமாட்டான். தமிழன், சோனகன், சிங்களவன், எல்லோருக்கும் அது தெரியும்.

அன்று பன்றி தடம் மாறி, வேலப்போடியின் வரம்பால் இறங்கியிருந்தது. வேலப்போடி பாண்டிருப்புக்காரர், என் பக்கத்து வயல். இருபது வருடமாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறோம். அவர் குளத்துப் பக்கம் போயிருந்தார். வந்ததும் சொல்லலாம் என்று அவருடைய வரம்பிலேயே கம்பியைக் கட்டினேன். கட்டி முடிக்கவும், என் மச்சான் சைக்கிளில் வந்து, "முனவ்வறாக்கு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திட்டு, ஓடி வாங்க" என்று கத்தவும் சரியாக இருந்தது. மகள் பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். குழை கட்டவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. அன்றிரவே ஊரடங்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனார்கள். விடிய முன் சுபஹு பாங்கு கேட்டபோதுதான் எனக்குக் குழை நினைவுக்கு வந்தது. வேலப்போடி வயல் வாடிக் குடிசையில் படுக்கிறவர். வெளுத்ததும் வக்கடை திறந்து தண்ணீர் விட அந்த வரம்பால்தான் வருவார்.

சைக்கிளை எடுத்தேன். ஸைனம்பு மறித்தாள்.

"எங்க போறீங்க? ஊரடங்கு போட்டிருக்கான். மையத்தாத்தான் வருவீங்க!"

"போடியார்ர வரம்பில கட்டினேன் புள்ள. குழை கட்டல்ல."

அவள் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு வழியை விட்டாள். "ஓடுங்க. ஆனா அந்தச் சாமான்ட பேரை மட்டும் வாயால எடுத்திராதீங்க."

வயலுக்குப் போகிற தாம்போதிப் பாலத்தில் ஐந்து ஆமிக்காரர். முழந்தாளில் நிற்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கத்தான் காணும். வயல் என்றேன், தண்ணீர் என்றேன், கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் வீட்டுக்குப் போ என்று சப்பாத்துக் காலால் சைக்கிளைத் தள்ளினான். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. இந்நேரம் அவர் முகம் கழுவியிருப்பார், மண்வெட்டியை எடுத்திருப்பார் என்று மனம் ஒவ்வொன்றாகக் காட்டியது. அவர்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"துவக்கு," என்றேன், வயலைக் காட்டி.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் குழலை வைத்து, முன்னால் நடக்கவிட்டார்கள். ஆயுதம் தூக்கின இயக்கப் பொடியன்கள் வயலுக்குள் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அது எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. என் வாயாலேயே ஐந்து துவக்கை அவரிடம் கூட்டிப்போகிறேன்.

வேலப்போடி வரம்பில் வந்துகொண்டிருந்தார். தோளில் மண்வெட்டி. அந்த வெளிச்சத்தில் எனக்கே அது மண்வெட்டியாகத் தெரியவில்லை. கம்பிக்கு இன்னும் பத்து எட்டுத்தான் வைக்க இருந்தது. என் பக்கத்தில் நின்றவன் குறி பார்த்தான்.

"போடியார்! துவக்கு!"

தொண்டை கிழியக் கத்தினேன். அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே குந்தினார். ஆமிக்காரன் சுட்ட வெடி அவர் தலைக்கு மேலால் போனது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. மற்ற நாலு ஆமிக்காரரும் சேற்றில் விழுந்து படுத்திருந்தார்கள்.

அவர்களில் வயதானவன்தான் எழுந்து போய்க் கம்பியைக் கண்டான். "பந்தின துவக்குவ," என்று கட்டுத்துவக்கைச் சிங்களத்தில் சொல்லி, மெதுவாகக் குனிந்து, பழகின கையால், வெடிக்கவிடாமல் துவக்கின் குதிரையைத் தாங்கிக் கம்பியை அவிழ்த்தான். இவனும் வயல்காரன், இனிப் பயமில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர்களுக்கு மேலதிகாரியாக இருந்தவன் குழாயைத் தூக்கிப் பிடித்து, "காகெத?" என்றான்.

யாருடையது என்று கேட்கிறான். எனக்கு விளங்கியது. வாய் திறக்கவில்லை. துவக்கு இருந்தது வேலப்போடியின் வரம்பில். அவர் தமிழர். அந்த நாளில் தமிழனிடம் துவக்கு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அம்பாறை முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதிகாரி பிடியால் வேலப்போடியின் தலையில் ஓங்கி அடித்தான். அவர் என்னைப் பார்த்தார். சொல், சொல் என்று மனம் அடித்தது. இரண்டாவது அடி காதோடு விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவர் சேற்றில் சரிந்தார்.

"மகே," என்றேன். என்னுடையது.

என்னை மூன்று மாதம் அடைத்து வைத்தார்கள். பட்ட அடியைச் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்தபோது ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஊரடங்கில் ஓடிப்போய்ப் போடியாரைக் காப்பாற்றினவன், குற்றத்தையும் தானே ஏற்றவன் என்று பள்ளிவாசலில் கதை. நான் ஒன்றும் மறுக்கவில்லை.

வேலப்போடி வீட்டுக்கு வந்தார். இடது காது செத்துவிட்டது என்று சொல்லி, மற்றக் காது என் பக்கம் வரும்படி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸைனம்பு தேத்தண்ணி கொடுத்தாள்.

"நீ கத்தாட்டி அண்டைக்கே என்ட கதை முடிஞ்சிருக்கும், அபூசாலி."

எனக்குத் தாங்கவில்லை. "போடியார், முதல் அடி விழக்குள்ளேயே நான் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினேன்.

அவர் கதிரையை மெதுவாகத் திருப்பி, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார்.