விளக்கை இறக்கியவள்

விடிந்ததும் தையல்காரம்மா செய்கிற முதல் வேலை, பின்னறைக்குப் போய் விளக்குச் சங்கிலியை மூன்று கண்ணி மேலே ஏற்றுவது. மகள் எழுந்திருப்பதற்குள் அது முடிந்துவிட வேண்டும்.

பின்னறையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அடியில் மரத்தூள், மூலையில் தண்ணீர்க் குவளை, நடுவில் ஆணியிலிருந்து சங்கிலியில் தொங்கும் குண்டு விளக்கு. எலக்ட்ரீஷியனான அவள் கணவர் ஐந்து வாரத்துக்கு முன் வாங்கி வந்த பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள் அதற்குள் இருந்தன. ஒரு நாள் வயதில் வந்த பஞ்சு உருண்டைகள்.

"பொண்ணு சும்மாவே உக்காந்திருக்கா. இதுங்களோட பேசிக்கிட்டாவது இருக்கட்டும்" என்றார் அவர்.

பெண்ணுக்குப் பதினேழு வயது. மூன்று வருடத்துக்கு முன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வலிப்பு வந்து விழுந்தாள். அதோடு பள்ளி நின்றது. குடும்பம் வீடு மாறியது. மாத்திரை பிடித்துக்கொண்டது. இரண்டு வருடமாக வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை, படிக்க அனுப்பலாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அளவு கொடுக்க யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், மகள் தானாகவே எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள். அவளைப் பற்றி யார் விசாரித்தாலும், "சித்தி வீட்டுல இருந்து படிக்கிறா" என்பாள் அம்மா. சொல்லிச் சொல்லி அந்தப் பொய் அவளுடைய தையலைப் போலவே நேராக வர ஆரம்பித்திருந்தது.

குஞ்சுகள் வந்ததிலிருந்து மகளிடம் ஒரு நோட்டு இருந்தது. வாரத்துக்கு நான்கு கண்ணி விளக்கை ஏற்றவேண்டும், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், ஆறாவது வாரம் இறகு மூடியதும் வெளிக் கூண்டுக்கு மாற்றவேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். அப்பா கொல்லையில் கம்பிவலை அடித்து, பலகைத் தரை போட்டுக் கூண்டைத் தயாராக்கிவிட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாலை வகுப்புக்கான விண்ணப்பம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதுங்களை நல்லபடியா வெளிய விட்டுட்டா நானும் ஃபாரத்தை எழுதிடுவேன்ப்பா" என்று அவள் சொன்னது அம்மாவின் காதிலும் விழுந்தது. அன்றைக்கு மெஷினில் ஊசி உடைந்தது.

தையல்காரம்மா கெட்டவள் இல்லை. மகள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த பிறகு குஞ்சுகளை எட்டிப் பார்ப்பாள். இத்தனை சின்ன உடம்பு, இத்தனை உயரத்தில் விளக்கா? மனசு கேட்காது. மூன்று கண்ணி இறக்கிவிட்டுப் போய்ப் படுப்பாள். காலையில் ஏற்றிவிடுவாள். முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான்.

ஐந்தாவது வாரம் குஞ்சுகள் விளக்குக்கு எட்டாத மூலையில் ஒட்டிக்கொண்டு, அலகைத் திறந்து மூச்சு வாங்கின. முதுகில் இறகு வரவேண்டிய இடம் வெறும் தோலாக இருந்தது. ஒன்றையொன்று கொத்தியதில் இரண்டுக்கு வாலடியில் ரத்தம். மகள் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். எங்கே தப்பு என்று தெரியவில்லை.

தீவன மூட்டையை இறக்க வந்த கடைக்காரரை அப்பா நேரே பின்னறைக்கே கூட்டிப் போய்விட்டார். மகள் ஒளிய இடமில்லாமல் கதவோரம் நின்றாள்.

கடைக்காரர் ஒரு குஞ்சைத் தூக்கி, சிறகை விரித்துப் பார்த்தார். "சூடு ஜாஸ்திண்ணே. யாரு பாத்துக்கிறது?"

"நான்தான்" என்று நோட்டை நீட்டினாள் மகள்.

அவர் விரல் வைத்துப் படித்தார். "அட, என் கடைக் கணக்கே இவ்வளவு சுத்தமா இருக்காதே. இதுல உள்ளபடி ஏத்தியிருந்தா இப்படி ஆகாதேம்மா. சூட்டுலயே வச்சா இறகு எதுக்கு முளைக்கும்? கொஞ்சம் குளிர் தெரிஞ்சாதானே உடம்பு தனக்குப் போர்வை பின்னிக்கும்."

அவர் போனதும் மகள் விண்ணப்பத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். "திருப்பிக் குடுத்துடுங்கப்பா. ஒரு குஞ்சைக்கூட எனக்கு ஒழுங்கா வளர்க்க வரல. நான் எங்க போய்ப் படிக்கிறது."

தையல்காரம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் வீட்டிலேயே, கண்முன்னாலேயே, பத்திரமாக இருப்பாள். வேண்டிக்கொண்டது அதுதானே. ஆனால் அந்தப் பெண் ரத்தம் காய்ந்த குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு "மன்னிச்சுக்கோடி" என்று அதனிடம் சொன்னதும் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"நீ ஏத்தினது சரிதான் கண்ணு. நான்தான் தினமும் இறக்கினேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "எத்தனை கண்ணி?"

"மூணு."

"எப்பலேருந்து?"

"முதல் வாரத்துலேருந்து."

மகள் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினாள்: 'ராத்திரியில் மூன்று கண்ணி கீழே. அம்மா.' திட்டியிருந்தாலும் அம்மாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பெட்டியை அகலப்படுத்தினார்கள். கொத்துப்பட்ட இரண்டையும் தனியே வைத்து மருந்து போட்டார்கள். விளக்கு முதலில் பகலில் அணைந்தது, பிறகு முழுக்கவே அணைந்தது. பத்தே நாளில் வெறும் தோலில் குருத்துக் குருத்தாக முளைத்து, ஒவ்வொன்றும் விசிறியாக விரிந்தது. ஒரு சின்ன இறகை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள் தையல்காரம்மா. முப்பது வருடமாகத் துணி தைக்கிறவளுக்கு அதில் ஒரு தையலும் கண்ணில் படவில்லை.

எட்டாவது வாரம், வெயில் இதமாக இருந்த ஒரு முற்பகலில், பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கி வந்து, கூண்டின் வாசற்பலகையில் குஞ்சுகளை விட்டார்கள். பன்னிரண்டும் அசையாமல் நின்றன. காற்று அடித்ததும் ஒன்றுபோல் கழுத்தை நிமிர்த்தின. வாலடியில் கொத்துப்பட்ட ஒன்றுதான் முதலில் மண்ணில் கால் வைத்தது. வைத்த காலைத் தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்தது.

"உங்க அம்மா துணியைத் தொட்டுப் பாத்து எடுக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அப்பா.

அதன் பிறகு நடந்ததை யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒன்று மண்ணைக் கிளறிப் பள்ளம் பறித்து, உள்ளே படுத்துப் புழுதியை மேலே வாரி இறைத்துக் குளித்தது. ஒன்று புழுவை இழுத்துக்கொண்டு ஓட, மீதி அதைத் துரத்தின. உயரத்தில் ஒரு பருந்தின் நிழல் தரையைக் கடந்ததுதான் தாமதம், பன்னிரண்டும் சட்டென்று கூண்டுப் பலகைக்கு அடியில் பதுங்கின. அட்டைப் பெட்டியைத் தவிர எதையும் பார்த்திராதவை. வானத்தையே இன்றைக்குத்தான் பார்க்கின்றன. பருந்தை எப்படித் தெரியும்? தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் காப்பாற்றுவதாக நினைத்த உயிருக்குள் இவ்வளவு பெரிய அறிவு மடித்து வைக்கப்பட்டிருந்ததா?

"அம்மா, ஏன் அழற?"

"அழல. புழுதி" என்றாள்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பக்கத்துத் தெரு டீச்சர், கதவு திறந்திருந்ததால் கொல்லைவரை வந்துவிட்டார். மகள் பழக்கத்தில் எழுந்து பின்னறைப் பக்கம் நகர்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"உக்காரு." பிறகு டீச்சரிடம் திரும்பினாள். "இது என் பொண்ணு, டீச்சர். சித்தி வீட்டுல இல்ல, இங்கதான் இருக்கா. இவளுக்கு வலிப்பு நோய். மாத்திரை சாப்பிடுறா. ரெண்டு வருஷமா வரல. மாலை வகுப்புல சேரப் போறா."

டீச்சர் தலையசைத்தார். "நல்லது. அப்படி வகுப்புல வந்துட்டா பக்கத்துல இருக்கிறவங்க என்ன செய்யணும்?"

மகள் சொன்னாள். "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது, கையில இரும்பு குடுக்க வேண்டாம். நேரத்தைப் பாக்கணும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா டாக்டரைக் கூப்பிடணும். மத்தபடி கூட இருந்தா போதும்."

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"இவ்வளவுதான்" என்றாள் தையல்காரம்மா, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "இவ்வளவுதான் டீச்சர். இதுக்காக மூணு வருஷம் ஒளிச்சு வச்சேன். நோய் அவளுக்கு, வெட்கம் எனக்கு. என் வெட்கத்துக்குப் பாசம்னு பேரு வச்சுப் பிள்ளையை இருட்டுல உக்கார வச்சிட்டேன். நோய்ல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. ஒளிச்சு வைக்கிறதுதான் வெட்கக்கேடு."

அப்பா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மகள் மண் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அதை முழங்காலில் விரித்தாள்.

"நோய் ஏதாவது இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கும்மா."

"இருக்குன்னு எழுது" என்றாள் அம்மா. "நல்லாத் தெரியற மாதிரி எழுது."