கதவில்லாத வீட்டில் அலுமாரி

“விளையாடி முடிச்சிட்டீரே? எப்பிடி இருந்தது, சொல்லும்.”

ரொறன்ரோவிலிருந்து பிரதாபன் இப்படிக் கேட்டபோது இந்துஜாவுக்கு வயது பதினாறு. அதுவரை அவளிடம் ஒருவரும் எதையும் எப்படி இருந்தது என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதெல்லாம் விடை தெரியுமா தெரியாதா என்பதுதான். தெரிந்தாலும், எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். பத்தாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மாட்டவில்லை. அம்மா மீனலோசனி முதலில் ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு ஆடுகளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

பிரதாபன் பெரியப்பாவின் மகன். நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தவன், திரும்பும்போது பெட்டியில் நிறை கூடிவிட்டதென்று தன் பழைய பிளேஸ்ரேசன் கேம் மெசினை நாரந்தனையில் இவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவன் தன் கணக்கில் வாங்கும் விளையாட்டுகளை இவளும் இங்கே இறக்கி விளையாடலாம். ஒன்று இறங்கி முடியவே நாட்கணக்காகும். ஆனால் அவளுக்கு நாளுக்கா பஞ்சம்?

அவன் கேட்ட கேள்விக்கு எழுதிப் பதில் போட அவளுக்குக் கை வரவில்லை. பேசிப் பதிந்து அனுப்பினாள். வீட்டுக்குள் நின்று பேச வெட்கம். அடுத்த வளவு பெரியப்பாவுடையது. தம்பையாப் பெரியப்பா குடும்பத்தோடு கனடா போனபோது பிரதாபனுக்கு இரண்டு வயது. அன்று விட்ட வீட்டில் இன்றைக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை, நடு அறையில் வேம்பு நிற்கிறது. ஆனால் அந்த வேம்படியில் போனுக்குச் சிக்னல் முழுதாக வரும். கேட்பதற்கு ஓணானைத் தவிர ஆளில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, அங்கே நின்று பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

“அண்ணா, அந்தத் தோட்டக் கேம் சரியான பொய். அவ்வளவு ஆடு நிக்குது, வேலி இல்லை, ஒண்டும் கத்தரியிலை வாய் வைக்கேல்லை. அதைச் செய்தவனிட்டை எங்கடை கறுப்பியை ஒரு நாளைக்கு அனுப்பி விடோணும். அவன்ரை கொம்பியூட்டரையும் திண்டுபோட்டுத்தான் வரும்.”

“கடல் கேம் வடிவு. ஆனா கரையிலை இருந்து நாலடி வைக்க ஆள் தாண்டு சாகுது. எங்கடை கடலிலை எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதானே. மற்றது, சோளகக் காத்துக்கு எதிரா ஓடுற வள்ளமும் காத்தோடை ஓடுற வள்ளமும் ஒரே வேகம். பேந்து உதுக்கு என்னத்துக்குப் பாய்? சும்மா சீலையைக் கட்டி விடலாமே.”

“வாள் கேமிலை அடிபாடு நல்லாயிருக்கு. அந்தப் பொம்பிளை மட்டும் ஏன் எந்த நேரமும் அழுதுகொண்டு நிக்கிறாள்? பக்கத்திலை வாள் கிடக்குதுதானே.”

“கொல்லுறீர்! இன்னும் சொல்லும்!” என்று பிரதாபன் சிரிக்கிற முகங்களாக அனுப்புவான். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே அவள் ஆட்டுக்குக் குழை வெட்டுவாள்.

பிறகு ஒரு நாள், பக்கத்து ஊரான சரவணையிலிருந்து பழைய வகுப்புத் தோழி வினோஜா ஒரு வீடியோவை அனுப்பினாள். ‘உன்ரை அண்ணைதானே இது? செம பகிடி.’ திரையில் பிரதாபன், காதில் பெரிய ஹெட்போன். “கைஸ், இந்தத் தோட்டக் கேம் சரியான பொய். எங்கடை வீட்டிலை கறுப்பி எண்டு ஒரு ஆடு...” 

இந்துஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன் பெயரைச் சொல்லப்போகிறான் என்று கடைசிவரை பார்த்தாள். சொல்லவில்லை. அவனுடைய யூரியூப் சனலில் மற்ற வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். வள்ளம், பாய், அழுகிற பெண், வாள். எல்லாம் அவள் சொன்ன வரிசையில், அவள் மூச்சு விட்ட இடத்தில் அவனும் மூச்சு விட்டபடி. கறுப்பிக்குக் கழுத்தில் மணி கட்டியவள் அவள். மழைக்குள் தூக்கி வந்து காய்ச்சலில் கிடந்தவள் அவள். ரொறன்ரோவில் ஆட்டிறைச்சியைத் தவிர ஆட்டைக் கண்டிராதவன் ‘எங்கடை வீட்டிலை’ என்கிறான். கையிலிருந்த குழையைப் பிய்த்துப் பிய்த்து நிலமெல்லாம் கொட்டினாள்.

அதையும் அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். விழுங்கமுடியாமல் செய்தது கடைசி வீடியோதான்.

அது ஆளில்லாத ஊர் ஒன்றைப் பற்றிய விளையாட்டு. கொள்ளை நோய் வந்து சனமெல்லாம் போய்விட்ட ஊர். ஒருவன் வீடு வீடாகப் புகுந்து சாமான் தேடுகிறான். அதை முடித்த அன்று அவள் வேம்படியில் நின்று நெடுநேரம் பேசினாள். பிரதாபன் அதிலிருந்து எடுத்தது இவ்வளவுதான்: “கைஸ், விட்டுட்டுப் போன வீட்டிலை முதல் கதவைக் கழட்டுறது கள்ளன் இல்லை. பக்கத்து வளவிலை இருக்கிற சொந்தக்காரர்.” சொல்லிவிட்டுக் கமராவைப் பார்த்து ஒரு பெருமூச்சு. வீடியோ முடிந்தது.

அவள் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தினவன் அவன்.

கீழே சனம் குவிந்து எழுதியது. ‘நெஞ்சைத் தொட்டிட்டியள் அண்ணா.’ ‘எங்கடை வீட்டையும் சொந்தம்தான் உரிச்சது.’ ‘உதுகளுக்குத்தானே காசு அனுப்பிக்கொண்டு இருக்கிறம்.’ கனடாவில் நாரந்தனை ஆட்கள் ஒன்றுகூடும் இடமெல்லாம் அதே பேச்சு. கடைசியில் பெரியம்மா சறோஜினிதேவி தொலைபேசியில் வந்தாள்.

“மீனலோசனி, குறை நினைக்காதையும். சனம் கேக்குது. எங்கடை முன்கதவு உம்மடை குசினியிலையோ நிக்குது?”

“அத்தான் சொல்லித்தானே அக்கா இவர் கழட்டினவர்!”

“அவருக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லையாம்.”

நாரந்தனை இருக்கிற இந்தத் தீவில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஓடு களவு போகத் தொடங்கினால் அடுத்தது கதவு. அதனால் வெளிநாட்டில் இருப்பவர் போனில் சொல்லுவார், ஊரில் இருக்கிறவர் நிலையோடு கழட்டி எடுத்து வைப்பார். சுவரில் சாத்தி வைத்தால் கறையான் தின்றுவிடும். ஆகவே தன் வீட்டில் ஓரிடத்தில் பூட்டி, திறந்து மூடிப் புழங்குவார். ஆள் திரும்பி வரும் அன்று கழட்டிக் கொடுப்பார். இந்துஜாவின் அப்பா சிவபாதம் செய்ததும் அதுதான். அந்த முதிரைக் கதவுக்கு வருசாவருசம் எண்ணெய் பூசியவரும் அவர்தான். குருநாகலில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கும் அவர் சங்கதியைக் கேள்விப்பட்டதும், “கழட்டி அவையின்ரை வளவிலை போட்டுவிடு” என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அந்த மாதம் வீட்டுக்கு வரவில்லை. அம்மா கதவைக் கழட்ட ஆள் கிடைக்காமல் அதன்மேல் ஒரு பழைய சீலையைத் தொங்கவிட்டாள். கடைக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள். 

அந்தச் சொல் தன் வாயிலிருந்து போனது என்று இந்துஜா அம்மாவிடம் சொல்லவில்லை. பிரதாபனுக்குத்தான் எழுதினாள்: ‘அண்ணா, நான் சொன்ன மிச்சத்தையும் போடுங்கோ. அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லுகினம்.’ பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் வந்தது. பிறகு, ‘நீளமாப் போட்டா சனம் பாக்காது. பாப்பம்.’ 

ஆனி மாதம் திருவிழாவுக்கு அவனே வந்தான். வாடகை வண்டியிலிருந்து இறங்கும்போதே கையில் கமராக் கோல்.

“சித்தி! மெலிஞ்சு போனியள்!” அம்மாவைக் கட்டிப்பிடித்தான். சொக்கிளேற் பையை நீட்டினான். அம்மா அதை வாங்கி, தேத்தண்ணி வைக்கப் போனாள். எவ்வளவு மனம் எரிந்தாலும் வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி வைக்காமல் விடுகிற ஆள் இல்லை அவள். 

“என்ன இந்துஜா, முகம் உப்பிடி? அண்ணைக்கு ஒரு சிரிப்பும் இல்லையோ?”

“மிச்சத்தைச் சொல்லுவியளோ?”

“என்ன மிச்சம்?”

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தான். அதுதான் அவளுக்குப் பிடரிவரை ஏறியது. அவள் வீடு முழுக்க மாதக்கணக்காக நாறிக்கொண்டிருக்கிற ஒரு விசயம் அவன் தலையில் ஒரு மூலையில்கூட இல்லை.

“இப்ப பழைய வீட்டிலை நிண்டு லைவ் போறன்” என்றான். “நீரும் வாரும். ஆனா கமராவுக்குள்ளை வந்திடாதையும், உமக்குத்தான் வெக்கமே!” 

வேம்படியில், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று அவன் பேசத் தொடங்கினான். பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. “இதுதான் கைஸ், நான் சொன்ன வீடு. பாருங்கோ, நிலைகூட இல்லை.” ஒருவர் கேட்டிருக்கவேண்டும், திரையை வாசித்துச் சிரித்தான். “கதவு எங்கையோ? வாங்கோ, தேடிப் பாப்பம்.” பகிடியாகத்தான் சொன்னான். வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்து, கமராவை முன்னே நீட்டியபடி குசினியடிக்குப் போய், விரலால் சீலையை விலக்கினான். 

திறந்திருந்த கதவுக்கு உள்ளே அம்மா இரண்டு கையிலும் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். முகத்தை மறைக்கக் கையில்லை.

“ஆஹா, அம்பிட்டிட்டுது!” என்றான் பிரதாபன்.

இந்துஜா ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். அவன் கையிலிருந்த கமராக் கோலை முன்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். மற்றக் கையில் தன் போனை உயர்த்தி, அன்று அனுப்பிய பதிவை அழுத்தினாள். நேருக்கு நேர் பேச அவளுக்கு நாக்கு வராது. ஆனால் பேசியது கையில் இருந்தது.

“...அண்ணா, இதைச் செய்தவன் விட்டுட்டுப் போன வீட்டைக் கண்டதே இல்லை. எல்லா வீட்டிலையும் அலுமாரி நிக்குது, அலுமாரிக்குள்ளை சாப்பாடு, துவக்குக் குண்டு. கதவில்லாத வீட்டிலை அலுமாரி எப்பிடி மிஞ்சும்? மிஞ்சுறது கக்கூஸ் கோப்பையும், சாமிப்படம் கொழுவின ஆணியும்தான். முதல் கதவைக் கழட்டுறது கள்ளன் இல்லை, பக்கத்து வளவிலை இருக்கிற சொந்தக்காரர். ஏனெண்டா கள்ளன் வரமுந்தி அவை எடுக்கோணும். எங்கடை பெரியப்பா போனிலை அழுதழுது, ‘சிவம், ஓடு போனாப் போகட்டும், ஐயா செய்விச்ச கதவை மட்டும் காப்பாத்தடா’ எண்டு சொன்னவராம். அப்பா மழைக்குள்ளை தனியக் கழட்டித் தோளிலை கொண்டு வந்தவர். இப்ப எங்கடை குசினியிலை நிக்குது. நாங்கள் அதை அடிச்சுச் சாத்திறேல்லை. அது எங்கடை இல்லை. மற்றது அண்ணா, அந்தக் கேமிலை வாறவன் ஒரு வீட்டு வாசலிலையும் நிண்டு ‘ஆரும் இருக்கிறியளோ?’ எண்டு கேக்கேல்லை. இந்த வெறும் வீட்டுக்கு வரேக்கை நான்கூடக் கேட்டுட்டுத்தான் உள்ளை வாறனான். அவன் எடுக்கிறான், எடுக்கிறான், ஒரு சொல் கேக்காமல் எடுத்துக்கொண்டே போறான். எனக்குப் பிடிக்கேல்லை.”

பதிவு முடிந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. ‘ஆர் அந்தப் பிள்ளை?’ ‘அண்ணா, இது உங்கடை வீடியோவிலை வந்த கதையெல்லே?’

“இந்து, கையை விடும்” என்றான் பிரதாபன் மெதுவாக. “உம்மடை நன்மைக்குத்தான் பேர் போடேல்லை. ஊரிலை ஒரு மாதிரிக் கதைப்பினம் எண்டு...”

“நீர் கேட்டனீரோ?”

மூத்தவனைப் பார்த்து ‘நீங்கள்’ என்னாமல் ‘நீர்’ என்று அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

“நான்தானே உமக்கு மெசின் தந்தனான்? கேம் எல்லாம்...”

“கொண்டு போம். எனக்கு வேண்டாம். அப்பா கள்ளன் இல்லை எண்டு இப்ப சொல்லும். இவையெல்லாம் கேக்கிறாப்போல சொல்லும்.”

“லைவிலை நிண்டு குடும்பச் சண்டையோ? பிறகு வடிவா ஒரு வீடியோ போட்டு...”

“பிறகு வேண்டாம்.” குரல் கிழிந்தது. கண்ணீரும் வந்தது; அந்தக் கண்ணீரிலும் அவளுக்குக் கோபம். “என்ரை ஆட்டைச் சொன்னீர். என்ரை கடலைச் சொன்னீர். பேசாமல் இருந்தனான். அப்பாவைச் சொல்ல உமக்கு ஆர் உரிமை தந்தது? நான் நிப்பாட்டாத இடத்திலை ஏன் நிப்பாட்டினீர்?”

“பிள்ளை, காணும்” என்றாள் அம்மா. “உன்ரை குரல் உலகம் முழுக்கப் போகுது. நாளைக்கு உன்னை ஆர் வந்து கேப்பினம்?”

“கள்ளன்ரை மகளை மட்டும் வந்து கேப்பினமோ அம்மா?”

அம்மா தட்டத்தைக் குசினிப் படியில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, தொங்கிய சீலையைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்து எறிந்தாள். முதிரைக் கதவு எண்ணெய்ப் பளபளப்போடு வெயிலில் நின்றது.

“தம்பி, பிள்ளை கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்” என்றாள். “சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியும்.”

பிரதாபன் கதவைப் பார்த்தான். கமராவைப் பார்த்தான். அதில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்துஜா அவன் முன்கையை விட்டாள். விரல் அடையாளம் சிவந்து கிடந்தது. ஆனால் அவள் அப்பால் போகவில்லை.

அவன் லைவை நிறுத்தினான். கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரையும் பாராமல் முற்றத்தைத் தாண்டி, வந்த வண்டியில் ஏறிப் போனான்.