நாலாம் நம்பர் கேமரா

நான் ஒரே ஒரு வயரைத்தான் செருகினேன். மில் ஆபீஸ் மொத்தமும் படுத்துவிட்டது. பிரிண்டர் பாதிக் காகிதத்தைக் கடித்தபடி நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்களுக்கு முதலாளி பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த திரை அப்படியே உறைந்துபோனது. தொண்ணூற்றொன்பதில், ராஜபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்ட நூல் மில்லின் ஆபீஸையே ஒற்றை ஆளாக நிறுத்தும் திறமை எனக்கு இருந்தது. திரும்ப ஓட வைக்கத்தான் தெரியவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு நெட்வொர்க். கேமராக்கள் போய்ச் சேரும் கம்ப்யூட்டரும், மேனேஜர் வைகுண்டராஜ் தன் அறையில் வைத்துப் பார்க்கும் கம்ப்யூட்டரும் வேறொரு நெட்வொர்க். இரண்டையும் போட்டவர்கள் வேறு வேறு கம்பெனிக்காரர்கள். இருவருமே ஒன்றிலிருந்து நம்பர் போட்டிருந்தார்கள். நான் இரண்டையும் சேர்த்ததும், முதலாளி கம்ப்யூட்டருக்கும் கேமரா கம்ப்யூட்டருக்கும் ஒரே நம்பர். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்னதான் செய்வார்?

அந்த வயரைச் செருகியதற்குக் காரணம் என் அக்கா பரிபூரணம். இதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தாள். முதலாளி சுற்றி வந்த ஒருநாள், "ஃபேன் ஓடி ஒரு மாசமாச்சு, மொதலாளி" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் ஓடுகிறது என்று வைகுண்டராஜ் அதுவரை சொல்லிவந்திருந்தார். அடுத்த வாரமே, அக்கா சாப்பாட்டுப் பையில் நூல் கோனை ஒளித்துவைத்ததை வைண்டிங் வாசலில் இருக்கும் நாலாம் நம்பர் கேமராவில் பார்த்ததாகச் சொல்லி அவளை வெளியே அனுப்பினார். படத்தை யாருக்கும் காட்டவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச்சின் பாட்டுக் குழுவில் அக்கா நிற்கும் இடம் அன்றிலிருந்து காலி. வாசலுக்கு வந்து பால் வாங்கக்கூட அவள் தயங்கினாள்.

அந்தப் படங்கள் சில வாரம் கேமரா கம்ப்யூட்டரிலேயே தங்கும். அன்றைய படம் கையில் கிடைத்தால் அவர் சொன்னது பொய் என்று காட்டிவிடலாம். வைகுண்டராஜ் அறையைப் பூட்டலாம், வயரைப் பூட்ட முடியுமா? அந்த மனிதரை முதலாளி முன்னால் தலைகுனிய வைக்காமல் நான் சாகக்கூடாது என்று இருந்தேன். அதற்கு முதல் படியாக ஆபீஸைச் சாய்த்தேன்.

"என்னப்பா செஞ்சே?" என்றார் முதலாளி.

"ஒங்க ரூம்லயிருந்தே எல்லாக் கேமராவும் பாக்க வழி பண்ணுதேன், ஐயா."

பயத்தில் வந்த பொய். ஆனால் முதலாளியின் முகம் மலர்ந்தது. "அதான் வேணும். சீக்கிரம் பண்ணு."

வைகுண்டராஜின் முகம் மலரவில்லை. எனக்கு அதுவே பாதிச் சம்பளம்.

கேமரா பக்கத்து நம்பர்களையெல்லாம் மாற்றினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி நடுவில் வைத்தேன். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு மாதிரி. இந்தத் தெருக்காரர்கள் அந்தத் தெருவுக்குப் போக அதற்குள் நுழைந்து போகவேண்டும். போக வழி சொன்னேன். திரும்பிவர வழி சொல்ல மறந்தேன். படம் கேட்டுப் போனது போனதுதான். தபாலில் கம்ப்யூட்டர் படித்தவன் லட்சணம். அதையும் சரிசெய்த பிறகு, முதலாளி அறைத் திரையில் வாசல், கோடவுன், பேக்கிங் மூன்றும் விட்டுவிட்டுத் தெரிந்தன. நாலாவது கட்டம் மட்டும் கறுப்பு.

பழைய படங்களைத் தேடினேன். அதிலும் கறுப்பு.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். பழக்கம் அப்படி. வயரை மாற்றினேன், கார்டை மாற்றினேன். கடைசியில் மேனேஜரிடமே போனேன்.

"சார், நாலாம் நம்பர் வர மாட்டேங்குது."

"அது தனி லைனுல்லா."

"எங்க போகுது, சார், அந்த லைன்?"

"ஏலே சத்தியநேசா, ஒனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்னு ஒத்துக்கிட்டுப் போயேம்லே."

மறுநாள் கேட்டேன். மழை வந்தால் தெரியாது என்றார். ராஜபாளையத்தில் அப்போது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை முதலாளி திரை முன்னால் வந்து உட்கார்ந்தார். "நாலு எங்கப்பா?"

"பையனுக்கு வேலை தெரியல, மொதலாளி" என்றார் வைகுண்டராஜ். "அக்காக்காரி மாதிரிதான் தம்பியும்."

அதுவரை கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்த வார்த்தையில் பயம் போய்விட்டது.

"வாஸ்தவம், ஐயா. எனக்கு வேலை தெரியல. அதனால அந்தக் கேமராப் பொட்டியையே கழட்டிக் கொண்டாறேன். நீங்களே பாருங்க."

"கம்பெனி சீல் உடைஞ்சிரும்லே!" என்றார் வைகுண்டராஜ்.

"ஒட்டிக்கலாம், சார்."

முதலாளி எழுந்துவிட்டார். எல்லாரும் வைண்டிங் வாசலுக்குப் போனோம். எலக்ட்ரீஷியன் சீனிச்சாமி ஏணியைச் சாத்தினார். தலைக்கு மேல் சாம்பல் நிறப் பெட்டி, அதன் கண்ணாடியில் பஞ்சுத் தூசி. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அக்கா நின்ற மெஷினில் இப்போது வேறொருத்தி.

"கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க, சார்" என்று வேண்டுமென்றே வைகுண்டராஜிடம் சொன்னேன்.

பிடித்தார். நான் மேலே ஏற ஏற ஏணி ஆடியது. குனிந்து பார்த்தால், அவர் பெட்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கை விழுந்த அந்தத் தலையை மேலிருந்து பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போகட்டும், இறங்கிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பால் வாங்கவே தயங்கும் அக்காவை நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்தேன்.

"சார், இதுலதான் எங்க அக்காவப் பாத்தீகளா?"

"எறங்குலே. பொறவு பேசிக்கிடலாம்."

"கேக்கான்ல, சொல்லுங்க" என்றார் முதலாளி.

ஒரு ஸ்க்ரூ கழன்று வைகுண்டராஜின் தோளில் பட்டுக் கீழே உருண்டது.

"சார். பாத்தீகளா, இல்லியா?"

வைகுண்டராஜ் ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பாக்கல" என்றார். அந்தப் பெண்களுக்கும் கேட்டிருக்கும். "உள்ள கேமராவே இல்லடே. ஒங்கக்கா போறதுக்கு முந்தியே ரிப்பேருக்குப் போனது வரவே இல்ல. வெறும் பொட்டி. ஃபேனப் பத்தி மொதலாளிகிட்ட சொன்னாளேங்கிற ஆத்திரத்துல நாந்தான் இல்லாததச் சொன்னேன்."